பேட்ச் வராத சென்ட்ஓஎஸ் 6 சர்வர்: சாதாரண யூசர் ரூட் ஆகாமல் தடுப்பது எப்படி?

பனியன்நகர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். சம்பளம், வருகைப்பதிவு, பி.எஃப். கணக்கு மூன்றும் ஒரே சர்வரில் ஓடுகின்றன. சென்ட்ஓஎஸ் 6 (பாதுகாப்புத் திருத்தங்கள், அதாவது பேட்ச், வருவது நின்றுபோன லினக்ஸ் இயங்குதளம்), அதன்மேல் டாம்கேட் (ஜாவா வெப் சர்வர்), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்). மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலில் இல்லை. சோர்ஸ் கோடும் கைவசம் கிடையாது. புதிதாக வாங்க முதலாளி சரி சொல்லிவிட்டார், ஆனால் ஏப்ரலுக்குப் பிறகுதான். அதுவரை மாதா மாதம் சம்பளம் இந்தப் பெட்டியிலிருந்துதான் போட்டாக வேண்டும்.

வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்டர் வந்து பார்த்துவிட்டு, ரூட் (சர்வரின் முழு அதிகாரக் கணக்கு) பற்றி ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார்: "இந்த சர்வரில் ஒரு சாதாரணக் கணக்கு கையில் கிடைத்தவர் ரூட் ஆக என்னென்ன வழிகள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்துள்ளீர்கள்?" எங்கள் மேலாளரோ, ஃபயர்வால் இருக்கிறதே, வெளியிலிருந்து யாரும் வர முடியாதே, அது போதாதா என்கிறார்.

இப்போதைய நிலவரம் இது. டாம்கேட் 'பேரோல்' என்ற கணக்கில் ஓடுகிறது, ரூட்டாக இல்லை. எச்.ஆர். பிரிவில் சிலருக்கு எஸ்எஸ்எச் கணக்கு (தங்கள் கணினியிலிருந்தே சர்வருக்குள் நுழையும் வழி) இருக்கிறது. வருகைப்பதிவு கோப்பை ஏற்றுவதற்கும், மென்பொருள் தொங்கிப்போனால் ரீஸ்டார்ட் செய்வதற்கும். சூடோ என்பது சாதாரணக் கணக்கு குறிப்பிட்ட கட்டளைகளை ரூட்டாக ஓட்ட விடும் கருவி; அதன் விதிகள் உள்ள சூடோயர்ஸ் கோப்பில் பேரோல் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கேட்காமல் மூன்று அனுமதி: கான்ஃப் டைரக்டரிக்குள் எந்தக் கோப்பையும் விஐ (எடிட்டர்) கொண்டு திறக்கலாம், டார் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கட்டளை) ஓட்டலாம், ரீஸ்டார்ட் ஸ்கிரிப்டை ஓட்டலாம். ரீஸ்டார்ட் மட்டும் எச்.ஆர். குழுவுக்கும் உண்டு. இரவு பேக்கப் ரூட்டின் க்ரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓடுகிறது. அப்லோட்ஸ் டைரக்டரிக்குள் போய், நட்சத்திரக்குறி போட்டு எல்லாவற்றையும் டார் செய்கிறது. எஸ்இலினக்ஸ் (எந்தச் செயலி எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் கூடுதல் காவல்) அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாமே மென்பொருளை நிறுவியவர்கள் அமைத்துவிட்டுப் போனது.

எங்கிருந்து தொடங்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை பதில்:

தம்பி, முதலில் உங்கள் மேலாளருக்குப் பதில். ஃபயர்வால் வெளியே இருப்பவரைத் தடுக்கும். ஆடிட்டர் கேட்டது ஏற்கெனவே உள்ளே கட்டளை ஓட்டக்கூடியவரைப் பற்றி. அது ஒரு ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டாம்கேட்டில் உள்ள ஓட்டை வழியாக யாராவது ஒரு ஜேஎஸ்பி கோப்பை (டாம்கேட் ஓட்டும் நிரல்) ஏற்றிவிட்டால் அது பேரோல் கணக்காகத்தான் ஓடும். அங்கிருந்து ரூட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தூரமே இல்லை.

பேட்ச் வராத பெட்டியில் பிழை பிழையாகத் துரத்தி ஜெயிக்க முடியாது. சாதாரணக் கணக்கிலிருந்து ரூட்டைத் தொடும் இடங்களையே குறைக்க வேண்டும். அந்த இடங்கள் பெரும்பாலும் மூன்று வகைதான்: செட்யூஐடி போட்ட நிரல்கள் (யார் ஓட்டினாலும் கோப்பின் உரிமையாளராக, அதாவது பெரும்பாலும் ரூட்டாக, ஓடுபவை), சூடோ விதிகள், ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட் ஏதாவது மற்றவர் எழுதக்கூடிய கோப்பையோ டைரக்டரியையோ தொடுவது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தனி, அதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சூடோவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதுதான் மிகப் பெரிய ஆபத்து. சென்ட்ஓஎஸ் 6 ஆதரவு 2020 நவம்பர் 30 அன்று முடிந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 2021 ஜனவரி 26 அன்று குவாலிஸ் ஆராய்ச்சியாளர்கள் 'பேரன் சேமடிட்' என்ற பிழையை வெளியிட்டார்கள், அதன் பொதுப் பதிவு எண் சிவிஇ-2021-3156. 2011 ஜூலையிலிருந்தே சூடோவுக்குள் இருந்த பிழை. பழைய வரிசையில் 1.8.2 முதல் 1.8.31பி2 வரை பாதிப்பு. உங்களிடம் இருப்பது 1.8.6. சூடோயர்ஸ் கோப்பில் பெயரே இல்லாத யூசரும், பாஸ்வேர்ட் எதுவும் தெரியாமல், இதை வைத்து ரூட் ஆகலாம். அதாவது நீங்கள் சூடோ விதிகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த பைனரி அங்கே செட்யூஐடியோடு இருக்கும்வரை பயனில்லை. சோதிக்க எளிய வழி உண்டு: சாதாரண யூசராக, சூடோஎடிட் கட்டளைக்கு எஸ் ஆப்ஷனும் ஒரு சாய்கோடும் கொடுத்து ஓட்டுங்கள். பதில் 'சூடோஎடிட்' என்ற சொல்லோடு தொடங்கினால் ஓட்டை திறந்திருக்கிறது. 'யூசேஜ்' என்று தொடங்கினால் அடைபட்டிருக்கிறது.

என் கருத்து: உங்கள் பெட்டியில் ரூட் வேலை செய்பவர் நீங்களும் அதிகம் போனால் இன்னொருவரும். சூடோவே வேண்டாம். செட்யூஐடியை எடுத்துவிடுங்கள். சுவில் (வேறு கணக்குக்கு மாறும் கட்டளை) பிஏஎம் வீல் தடையைப் போட்டு, வீல் குழு தவிர யாரும் ரூட்டுக்கு மாற முடியாதபடி செய்யுங்கள்.

இனி அந்த மூன்று விதிகள். இவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே மாதிரி விதிகளைப் பல கம்பெனிகளில் பார்த்திருக்கிறேன்.

விஐ. ரூட்டாகத் திறந்த விஐக்குள் முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் போட்டு ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) பெயரை அடித்தால் ரூட் ஷெல் வந்துவிடும். இது பலருக்குத் தெரியும். சூடோ விதியில் நோஎக்ஸெக் (உள்ளிருந்து வேறு நிரல் ஓட்டத் தடை) போட்டால் போதும் என்பார்கள், போதாது. ஷெல் வராவிட்டாலும் விஐக்குள்ளிருந்தே வேறு எந்தக் கோப்பையும் திறந்து சேமிக்கலாம், பாஸ்வேர்ட் ஹாஷ்கள் இருக்கும் ஷேடோ கோப்பு உட்பட. பலருக்குத் தெரியாதது இன்னொன்று: 'கான்ஃப் டைரக்டரிக்குள் மட்டும்' என்று நட்சத்திரக்குறி போட்டிருக்கிறீர்களே, சூடோவில் கட்டளைக்குக் கொடுக்கும் பாதையில் வரும் நட்சத்திரம் சாய்கோட்டையும் சேர்த்தே பொருத்தும். கான்ஃப் என்று தொடங்கி, இரட்டைப்புள்ளி இரட்டைப்புள்ளியாக மேலே ஏறி, எட்சி ஷேடோவுக்கே போகலாம். விதி அதையும் அனுமதிக்கும். இதற்கு மாற்று ரொம்ப எளிது. அந்த கான்ஃப் கோப்புகள் பேரோல் கணக்குக்கே சொந்தமாக இருந்தால் அவற்றைத் திருத்த ரூட் எதற்கு? விதியை அப்படியே நீக்கிவிடலாம்.

டார். செக்பாயிண்ட் ஆக்‌ஷன் என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது; இத்தனை பதிவுக்கு ஒருமுறை இந்தக் கட்டளையை ஓட்டு என்று சொல்லலாம். சூடோவில் டார் கொடுத்தால் ரூட்டையே கொடுத்ததாக அர்த்தம். இதுபோல் எந்தெந்த நிரல் வழியாக வெளியேறலாம் என்று ஜிடிஎஃப்ஓபின்ஸ் தளத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். சூடோயர்ஸில் உள்ள ஒவ்வொரு நிரலையும் அங்கே தேடிப் பாருங்கள்.

உங்கள் பேக்கப் க்ரானும் இதே வலையில்தான் மாட்டியிருக்கிறது, அதுவும் சூடோ இல்லாமலே. ஷெல் நட்சத்திரக்குறியை விரிக்கும்போது டைரக்டரியில் உள்ள கோப்புப் பெயர்களை டாருக்கு வரிசையாகக் கொடுக்கும். அப்லோட்ஸில் யாராவது இரண்டு கோடு போட்டு 'செக்பாயிண்ட்' என்ற பெயரிலேயே ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால், டார் அதைக் கோப்பாகப் பார்க்காது, ஆப்ஷனாகப் படிக்கும். அடுத்த கோப்பின் பெயர் எந்தக் கட்டளை என்று சொல்லும். இரவு பேக்கப் ஓடும்போது அது ரூட்டாக நிறைவேறும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, பெரிய சி ஆப்ஷனில் டைரக்டரியைக் கொடுத்து, கடைசியில் ஒற்றைப் புள்ளி போடுங்கள். அப்போது பெயர்கள் டாருக்கு ஆப்ஷனாகப் போகாது. அதைவிட நல்லது, படிக்க மட்டும் உரிமை உள்ள தனிக் கணக்கில் பேக்கப்பை ஓட்டுவது.

ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட். இதை நான் பார்க்க வேண்டும். யாருக்குச் சொந்தம், எந்த டைரக்டரியில் இருக்கிறது, உள்ளே என்ன செய்கிறது? ஸ்கிரிப்ட் ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தாலும் அது இருக்கும் டைரக்டரி பேரோலுக்குச் சொந்தம் என்றால், பழையதைப் பெயர் மாற்றிவிட்டு அதே பெயரில் புதியதை வைத்துவிடலாம். கோப்பின் உரிமையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. மேலே ஒவ்வொரு டைரக்டரியையும் பாருங்கள்.

செட்யூஐடி நிரல்களை எடுக்க ஃபைண்ட் கட்டளையில் பெர்ம் போட்டு, 4000க்கு முன் ஒரு கழித்தல் குறியும் சேர்த்துத் தேடுங்கள். பட்டியலை இங்கே போடுங்கள், எதெது தேவையில்லை என்று சொல்கிறேன். பிகேஎக்ஸெக் (சூடோ போலவே வேறு கணக்காக நிரல் ஓட்டும் கருவி) கண்ணில் பட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே அதன் அனுமதியை 0755 ஆக்குங்கள், செட்யூஐடி போய்விடும். அதில் உள்ள ஓட்டைதான் 'பிவ்ன்கிட்', சிவிஇ-2021-4034. 2009 மே மாதம் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருந்த பிழை, 2022 ஜனவரி 25 அன்றுதான் வெளியே வந்தது. செட்யூஐடியை நீக்குவதே அதற்கு அறிவிக்கப்பட்ட தற்காலிகத் தடுப்பு. திரை இல்லாத சர்வரில் அதனால் எந்த வேலையும் நிற்காது.

கொத்தவால் பதில்:

வைகைக்கரை சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து. சூடோவை எடுத்துவிட்டு இருவரும் ஒரே ரூட் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டால், யார் என்ன செய்தார் என்பது லாக்கில் தெளிவாக இருக்காது. ஆடிட்டர் அடுத்து அதைத்தான் கேட்பார். சூடோவைச் சோர்ஸிலிருந்து கட்டலாம். பழைய அமைப்புகளிலும் கட்டும்படிதான் அதை எழுதியவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் பதிப்பைப் பார்த்து எடுங்கள். 1.9.14 முதல் 1.9.17 வரை சிஎச்ரூட் (ஒரு டைரக்டரியையே வேராகக் காட்டி அதற்குள் அடைக்கும் வசதி) ஆப்ஷனில் வேறொரு ஓட்டை உண்டு, சிவிஇ-2025-32463. 1.9.17பி1 அல்லது அதற்குப் பிறகானது வேண்டும். வேறொரு விர்ச்சுவல் மெஷினில் சென்ட்ஓஎஸ் 6 போட்டு அங்கே கட்டி எடுத்து வாருங்கள். இந்த சர்வரில் கம்பைலரே இருக்கக் கூடாது.

கட்டியது யூஎஸ்ஆர் லோக்கலுக்குள் போகும். பழைய சூடோ யூஎஸ்ஆர் பின்னிலேயே செட்யூஐடியோடு உட்கார்ந்திருக்கும். பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். சூடோ பதிப்பு என்ன என்று கேட்டால் புதியதைக் காட்டும், மனம் நிம்மதியாகிவிடும். தாக்குபவர் முழுப் பாதையைக் கொடுத்துப் பழையதை ஓட்டுவார்.

கெர்னலுக்கு வருகிறேன். முதலில் இரண்டு எண்களை ஒப்பிடுங்கள். ஆர்பிஎம் காட்டுவது நிறுவிய கெர்னல், யூநேம் காட்டுவது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல். வருடக்கணக்கில் ரீபூட் செய்யாத சர்வரில் இவை இரண்டும் வேறாக இருக்கும். 'டர்ட்டி கவ்', சிவிஇ-2016-5195, 2007இல் வந்த 2.6.22 கெர்னலிலிருந்தே இருந்தது, 2016 அக்டோபரில் வெளியானது. சென்ட்ஓஎஸ் 6க்கு அதன் திருத்தம் 2.6.32-642.6.2இல் வந்தது. அதற்குக் கீழே ஓடினால் ரூட் ஆவது சில விநாடி வேலை. அப்போது பரவிய முதல் எக்ஸ்ப்ளாய்ட் (பிழையைப் பயன்படுத்தும் நிரல்) சென்ட்ஓஎஸ்ஸுக்கு மூலமான ரெட்ஹேட் 5, 6இல் வேலை செய்யவில்லை, ப்ராக் செல்ஃப் மெம் கோப்பில் எழுத அங்கே அனுமதி இல்லை என்பதால். அதை நம்பி உட்கார வேண்டாம். பிட்ரேஸ் வழியாக எழுதும் வகை விரைவிலேயே வந்துவிட்டது, அதற்கு இந்தத் தடை கிடையாது.

கடைசி கெர்னலுக்கே போனாலும் 2020 நவம்பருக்குப் பிறகு கண்டுபிடித்தவை அப்படியே இருக்கும். உதாரணத்துக்கு, ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க் இணைக்கும் முறை) பகுதியில் 2006 முதல் இருந்த பிழைகளை 2021 மார்ச்சில் கிரிம் நிறுவனத்தார் வெளியிட்டார்கள். உங்கள் சர்வர் ஐஸ்கஸி பயன்படுத்துகிறதா? இல்லையென்றால் அந்த மாட்யூல்கள் (கெர்னலில் தேவைக்கேற்ப ஏறும் துண்டுகள்) ஏறவே கூடாது. மாட்ப்ரோப் அமைப்பில் வெறும் பிளாக்லிஸ்ட் வரி போட்டால் தானாக ஏறுவது மட்டும்தான் நிற்கும். வேறொரு மாட்யூல் இதைச் சார்ந்திருந்தால் உள்ளே வந்துவிடும். 'இன்ஸ்டால்' என்று தொடங்கும் வரியில் மாட்யூல் பெயரைப் போட்டு, ஓட்ட வேண்டிய கட்டளையாக பின் ஃபால்ஸைக் கொடுங்கள். டிசிசிபி, எஸ்சிடிபி, ஆர்டிஎஸ், டிப்க் என்று உங்களுக்குத் தேவைப்படாத நெட்வொர்க் புரோட்டோகால்களுக்கும் அதையே செய்யுங்கள். டிசிசிபியில் மட்டும் 2005 முதல் ஒரு பிழை ஒளிந்திருந்தது, 2017இல்தான் தெரிந்தது.

இன்னும் இறுக்கமாக வேண்டுமென்றால் கெர்னல் மாட்யூல்ஸ் டிசேபிள்ட் என்ற சிஸ்கண்ட்ரோல் மதிப்பை 1 ஆக்கலாம். அதன்பிறகு ரீபூட் வரை எந்த மாட்யூலும் ஏறாது, ரூட்டே நினைத்தாலும். யூஎஸ்பி டிஸ்கில் பேக்கப் எடுப்பவராக இருந்தால் அதற்கான மாட்யூல்களை முன்கூட்டியே ஏற்றிவிட்டு 1 ஆக்குங்கள்.

பயப்பட வேண்டாத ஒன்றும் உண்டு. 2022இல் வந்த 'டர்ட்டி பைப்' 5.8 கெர்னல் முதல்தான். அறிக்கையில் 'பொருந்தாது' என்று காரணத்தோடு எழுதலாம்.

பனியன்நகர் எழுதியது:

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டு வந்தேன்.

நிறுவிய கெர்னல் 754 வரிசை. ஓடிக்கொண்டிருப்பது 573! 'ரீபூட் செய்தால் லைசென்ஸ் போய்விடும்' என்று நிறுவியவர்கள் ஒரு காகிதத்தில் எழுதி ரேக்கிலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் யாரும் தொடவில்லை. டிஸ்க்கை அப்படியே விர்ச்சுவல் மெஷினில் நகலெடுத்து ரீபூட் செய்து பார்த்தேன், லைசென்ஸ் கோப்பு பத்திரமாக இருக்கிறது, மென்பொருள் எழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அசல் சர்வரை ரீபூட் செய்யப்போகிறேன்.

ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் ரூட்டுக்குச் சொந்தம். ஆனால் அது இருக்கும் பின் டைரக்டரி பேரோலுக்குச் சொந்தம். உள்ளே முதலில் டாம்கேட்டின் செட்என்வ் கோப்பைப் புள்ளி போட்டு உள்ளிழுக்கிறது, பிறகு கேட்டலினா டாட் அவுட் லாக் கோப்பை பேரோலுக்கு சிஎச்ஓன் (உரிமையாளரை மாற்றுவது) செய்கிறது, அதன்பிறகுதான் சு வழியாக பேரோல் கணக்குக்கு மாறி டாம்கேட்டை எழுப்புகிறது.

சூடோவை எடுத்துவிட்டால் எச்.ஆர். பிரிவினர் எப்படி ரீஸ்டார்ட் செய்வது? மாதக் கடைசி வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மென்பொருள் தொங்கினால் அவர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. எங்கோ படித்தது போல டெம்ப் டைரக்டரியை நோஎக்ஸெக், நோசூயிட் போட்டு (அங்கிருந்து நிரல் ஓடாது, செட்யூஐடி பலிக்காது) மவுண்ட் செய்தேன், நகலில்தான். டாம்கேட் எழுந்தது, ஆனால் வருகைப்பதிவு ஏற்றும் பகுதி 'அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர்' என்று விழுகிறது.

வைகைக்கரை பதில்:

நகலில் சோதித்துப் பார்த்தது மிக நல்ல வேலை, தம்பி. எல்லா மாற்றத்தையும் இப்படியே செய்யுங்கள்.

அந்தப் பிழை ஜாவாவின் இயல்பு. சில நூலகங்கள் தங்கள் எஸ்ஓ கோப்பை (லினக்ஸ் நேரடியாக ஓட்டும் நூலகக் கோப்பு) டெம்ப்பில் பிரித்து வைத்து அங்கிருந்தே ஏற்றும். நோஎக்ஸெக் அதைத் தடுக்கிறது. நோஎக்ஸெக்கை எடுத்துவிடாதீர்கள். பேரோலுக்கு மட்டும் எழுத உரிமை உள்ள ஒரு டைரக்டரியை உருவாக்கி, ஜாவா ஐஓ டெம்ப்டிர் மதிப்பை அங்கே திருப்புங்கள். வார் டெம்ப், டெவ் எஸ்எச்எம் இரண்டுக்கும் அதே மவுண்ட் ஆப்ஷன்கள் வேண்டும். ஹோமுக்கு நோசூயிட் கட்டாயம்.

ஸ்கிரிப்ட் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். அதில் மூன்று ஓட்டைகள். டைரக்டரி பேரோலுடையது, அது முதல். செட்என்வ் பேரோலுக்குச் சொந்தமான கோப்பு. அதை ரூட் உள்ளிழுத்தால் அதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் ரூட்டாக ஓடும். ஸ்கிரிப்டை எவ்வளவு பூட்டினாலும் பயனில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வாசல் மாடத்தில் வைத்தது போலத்தான். மூன்றாவது அந்த சிஎச்ஓன். லாக் டைரக்டரி பேரோலின் கையில் இருக்கிறது. கேட்டலினா டாட் அவுட்டை அழித்துவிட்டு, அதே பெயரில் எட்சி ஷேடோவுக்கு ஒரு சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பு) வைத்தால் என்ன ஆகும்? ரூட் ஓட்டும் சிஎச்ஓன் லிங்கைப் பின்தொடர்ந்து ஷேடோவையே பேரோலுக்கு எழுதிக் கொடுத்துவிடும். இது கற்பனை இல்லை. 2016இல் டெபியனின் டாம்கேட் தொகுப்பில் இதே மாதிரி ஓட்டைதான் வந்தது, சிவிஇ-2016-1240. ஒரு விநியோகத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பிலேயே வந்தது என்றால், தனியார் எழுதிய ஸ்கிரிப்டில் வராமல் எப்படி இருக்கும்?

சரிசெய்வது இப்படி. ஸ்கிரிப்டை யூஎஸ்ஆர் லோக்கல் எஸ்பின்னுக்கு நகர்த்துங்கள். முதல் வரியிலேயே பேரோலாக மாறட்டும். செட்என்வ் படிப்பது, லாக் தொடுவது, டாம்கேட்டை எழுப்புவது எல்லாம் மாறிய பிறகு நடக்கட்டும். சிஎச்ஓன் வரியை எடுத்துவிடுங்கள். பேரோலாக உருவாகும் கோப்பு பேரோலுக்கே சொந்தமாக இருக்கும், மாற்ற என்ன இருக்கிறது?

எச்.ஆர். பிரிவினருக்கு ஷெல்லே வேண்டாம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு வேண்டியது கோப்பு ஏற்றுவதும் ரீஸ்டார்ட்டும்தான். உங்கள் ஓப்பன்எஸ்எஸ்எச் 5.3, அதில் சிஎச்ரூட் டைரக்டரியும் இன்டர்னல் எஸ்எஃப்டிபியும் (ஷெல் இல்லாமல் கோப்பு மட்டும் பரிமாறும் வசதி) உண்டு. அந்தக் குழுவை எஸ்எஃப்டிபிக்குள் அடைத்துவிடுங்கள், போர்ட் ஃபார்வர்டிங்கையும் நிறுத்துங்கள். சிஎச்ரூட் செய்யும் டைரக்டரி ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுதக் கூடாது, இல்லையென்றால் லாகின் ஆகாது. எழுதுவதற்கு உள்ளே தனி டைரக்டரி வையுங்கள். ரீஸ்டார்ட் வேண்டுமென்றால் அவர்கள் குறிப்பிட்ட பெயரில் ஒரு வெற்றுக் கோப்பை அங்கே ஏற்றட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் க்ரான் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அழித்துவிட்டு, ரீஸ்டார்ட் செய்யட்டும். கோப்பின் உள்ளே இருப்பதைப் படிக்கவே கூடாது. அந்த க்ரானும் பேரோல் கணக்கிலேயே ஓடினால் ரூட்டுக்கு இதில் வேலையே இல்லை. அதற்காக அந்த டைரக்டரியில் பேரோல் குழுவுக்கு எழுத உரிமை கொடுத்தால் போதும்.

இப்படி ஆனபின் சூடோ தேவைப்படுபவர் நீங்கள் இருவர்தான். கொத்தவால் சொன்னபடி புதிய சூடோ போட்டாலும் சரி. பெயர் தெளிவாகப் பதிவாக வேண்டும் என்ற அவர் காரணம் நியாயமானது. பழைய பைனரியின் செட்யூஐடி போயாக வேண்டும், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

கருவிக்கூடம் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இதே பிரச்சினை விண்டோஸ் 7இல். துணி சோதனைக் கருவியோடு வந்த கணினி. 2020 ஜனவரி 14க்குப் பிறகு பேட்ச் இல்லை. கருவி விற்றவர்கள் விண்டோஸ் மாற்றினால் கருவிக்கு உத்தரவாதம் இல்லை என்கிறார்கள். ஆபரேட்டர்கள் சாதாரணக் கணக்கில்தான் நுழைகிறார்கள். வேறென்ன பார்க்க வேண்டும்?

கொத்தவால் பதில்:

கருவியின் மென்பொருள் எங்கே நிறுவப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இல்லாமல் சி டிரைவின் வேரிலேயே தன் பெயரில் ஒரு ஃபோல்டர் வைத்திருந்தால், லாகின் செய்த எந்தக் கணக்கும் அதற்குள் மாற்றம் செய்யலாம்; விண்டோஸ் 7இன் இயல்பான அனுமதி அப்படி. அந்த ஃபோல்டரிலிருந்து ஏதாவது சர்வீஸ் சிஸ்டம் கணக்கில் (விண்டோஸில் ரூட் போன்றது) ஓடுகிறதா? ஓடினால் ஆபரேட்டர் அந்த இஎக்ஸ்இ கோப்பை மாற்றிவைத்து ரீபூட் செய்தால் போதும், சிஸ்டம் அதிகாரம் வந்துவிடும். ஐகாக்ல்ஸ் கட்டளையில் அனுமதிகளைப் பார்த்து, எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள். மென்பொருள் தன் அளவீட்டுக் கோப்புகளை அதே ஃபோல்டரில் எழுதுகிறதென்றால் அந்தத் துணை ஃபோல்டருக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

பிரிண்டர் இணைக்கவில்லை என்றால் ஸ்பூலர் (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும்) சர்வீஸை நிறுத்துங்கள். 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' வந்தபோது ஆதரவு முடிந்த விண்டோஸ் 7க்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தது, விஷயம் அவ்வளவு தீவிரம். டொமைனில் (கம்பெனியின் மைய லாகின் அமைப்பு) சேர்ந்த கணினி என்றால் டபிள்யூடைஜஸ்ட் என்ற பழைய லாகின் முறையின் யூஸ்லாகன்கிரெடென்ஷியல் மதிப்பை 0 ஆக்குங்கள். அதற்கு கேபி2871997 பேட்ச் இருக்க வேண்டும். இல்லையென்றால் அட்மின் ஒருமுறை அங்கே லாகின் செய்தாலே அவருடைய பாஸ்வேர்ட் நினைவகத்தில் அப்படியே படிக்கும் வடிவில் கிடக்கும். டொமைனின் சிஸ்வால் பகிர்விலும் பழைய குரூப் பாலிசி எக்ஸ்எம்எல் கோப்புகளில் 'சிபாஸ்வேர்ட்' (மறைகுறியாக்கிச் சேமித்த பாஸ்வேர்ட்) என்று தேடுங்கள். அதைத் திறக்கும் ஏஇஎஸ் சாவியை மைக்ரோசாஃப்டே தன் ஆவணத்தில் வெளியிட்டிருக்கிறது. 2014இல் வந்த பேட்ச் புதிதாக அப்படிச் சேமிப்பதைத்தான் நிறுத்தியது, பழைய கோப்புகளை அழிக்கவில்லை.

பனியன்நகர் எழுதியது:

ரீபூட் முடிந்தது, 754 கெர்னலில் ஓடுகிறது. விஐ, டார் விதிகள் போய்விட்டன. எச்.ஆர். பிரிவினர் எஸ்எஃப்டிபிக்கு மாறிவிட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை. எஸ்இலினக்ஸை இப்போது இயக்கலாமா? லாக் பக்கம் என்ன செய்ய வேண்டும்? ஆடிட்டருக்கு எதை அனுப்புவது, அக்கா?

வைகைக்கரை பதில்:

எஸ்இலினக்ஸை நேரடியாக என்ஃபோர்சிங் (மீறலைத் தடுக்கும் நிலை) ஆக்காதீர்கள். அணைந்திருந்த காலத்தில் உருவான கோப்புகளுக்கு லேபிளே இருக்காது. பெர்மிசிவில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலை) வைத்து, வேரில் ஆட்டோரீலேபிள் கோப்பை உருவாக்கி ரீபூட் செய்யுங்கள். டிஸ்க் பெரியதென்றால் நேரம் பிடிக்கும். ஒரு முழு சம்பள மாதம் பெர்மிசிவிலேயே ஓடட்டும், மாதக் கடைசி வேலையும் பி.எஃப். கோப்பும் தயாராகிற நாட்களும் அதற்குள் வந்துவிட வேண்டும். மறுப்புப் பதிவுகளைப் பார்த்து விதி எழுதியபிறகு என்ஃபோர்சிங். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாம்கேட் தனியாக நிறுவியது என்பதால் அதற்கென்று கட்டுப்பாடான டொமைன் இல்லாமல் ஓடக்கூடும். பிஎஸ் கட்டளையில் பெரிய இசட் போட்டுப் பாருங்கள். அன்கன்ஃபைன்ட் என்றோ இனிட்ஆர்சி என்றோ காட்டினால் எஸ்இலினக்ஸ் அந்தச் செயலியைப் பெரிதாகத் தடுக்காது. அந்த நிலையில் ஆடிட்டருக்கு 'எஸ்இலினக்ஸ் இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் அது முழு உண்மை ஆகாது.

ஆடிட்-டி (கெர்னலில் நடப்பதைப் பதிவு செய்யும் சேவை) விதியில் ஒரு விஷயம். சாதாரண யூசர் தொடங்கிய செயலி ரூட் அதிகாரத்தோடு எதையாவது ஓட்டினால் பதிவு செய் என்று ஒரு விதி இணையத்தில் எங்கும் கிடைக்கும். அதில் ஏயூஐடி (முதலில் லாகின் செய்தவரின் யூசர் எண்) 1000க்கு மேல் என்று இருக்கும். அது சென்ட்ஓஎஸ் 7க்குச் சரி. சென்ட்ஓஎஸ் 6இல் யூசர் எண்கள் 500இலிருந்து தொடங்கும். அப்படியே ஒட்டினால் உங்கள் யூசர் ஒருவர்கூட அந்த விதிக்குள் வரமாட்டார், லாக் காலியாக இருக்கும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். 500 என்று மாற்றுங்கள். ஜேஎஸ்பி வழியாக வருபவர் லாகின் செய்து வருவதில்லை, அவருக்கு ஏயூஐடி பதிவாகாமலே இருக்கலாம். அதனால் யூஐடி (ஓட்டுபவரின் எண்) பேரோலாக இருந்து ஈயூஐடி (செயலில் உள்ள அதிகாரத்தின் எண்) 0, அதாவது ரூட், ஆகும் ஒவ்வொரு எக்ஸெக்விஇயையும் (நிரலைத் தொடங்கும் கெர்னல் அழைப்பு) பிடிக்கத் தனி விதி ஒன்று எழுதுங்கள். விதிக்கோப்பின் கடைசியில் ஈ 2 போட்டால் ரீபூட் வரை யாரும் விதிகளை மாற்ற முடியாது. எல்லாப் பதிவும் ஆர்சிஸ்லாக் வழியாக வேறொரு கணினிக்குப் போக வேண்டும்; ரூட் ஆனவர் உள்ளூர் லாக்கைத்தான் முதலில் அழிப்பார்.

ஆடிட்டருக்கு நீண்ட கடிதம் வேண்டாம். செட்யூஐடி பட்டியலின் பழைய வடிவமும் புதிய வடிவமும், சூடோஎடிட் சோதனையின் வெளியீடு, யூநேம் வெளியீடு, ஆர்பிஎம் விஏ (நிறுவிய கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளை) வெளியீடு. கடைசியில் உள்ளதில் சூடோ, பிகேஎக்ஸெக் இரண்டுக்கும் நேரே எம் என்ற எழுத்து வரும், அனுமதி மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். யாராவது பின்னால் அந்தத் தொகுப்பை மறுபடி நிறுவினால் செட்யூஐடி திரும்பி வந்துவிடும், எம் மறைந்துவிடும். அதனால் அந்த வெளியீட்டை வாரம் ஒருமுறை க்ரானில் எடுத்து லாக் கணினிக்கு அனுப்பி, முந்தையதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். கெர்னலில் திருத்தம் வராமல் மீதமிருப்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள், ஏப்ரலில் பெட்டியை நிறுத்தும் தேதியோடு. அந்தத் தேதியில் முதலாளியின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள்.